எங்க ஊருக்கு வேகத்தடை வேணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். சாலைக்குக் கிழக்கே வீடுகள், அதைத் தாண்டிக் கடல். மேற்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய். சாலையைக் கடக்காமல் இங்கே யாருக்கும் ஒரு நாள் கழியாது. வேகத்தடை கேட்டு எங்கள் ஊருக்காக மனு எழுதத் தொடங்கினேன். அப்புறம் பக்கத்து ஊர்களுக்கும் எழுதிக் கொடுத்தேன். இப்போது ஏர்வாடி, பெரியபட்டினம், உச்சிப்புளிப் பக்கத்திலிருந்தும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

ஸ்பீட் பிரேக்கர், ரம்பிள் ஸ்ட்ரிப் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. வேகத்தடை சாலையின் குறுக்கே இருக்கும் மேடு. வண்டியைத் தூக்கி இறக்கும், வேகத்தைக் குறைக்காமல் அதைக் கடந்தால் ஓட்டுபவருக்கு உடம்பில் தெரியும். ரம்பிள் ஸ்ட்ரிப் என்பது வரிசையாக ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகள். அவற்றின் மேல் போகும்போது தடதடவென்று சத்தமும் அதிர்வும் வரும், அவ்வளவுதான். அது ஓட்டுபவரை எழுப்பிவிடும், முன்னால் ஏதோ இருக்கிறது என்று சொல்லும். வேகத்தைக் குறைப்பது அவர் விருப்பம். மனு எழுதும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றைக் கேட்டு இன்னொன்று கிடைத்த ஊர்கள் இருக்கின்றன.

40-ல வந்தா என்ன, 60-ல வந்தா என்ன? அடிச்சா அடிதானே?

வேகம் இரண்டு மடங்கானால் இடியின் பலம் நான்கு மடங்காகும். நம் ஊரில் புரிகிற மாதிரி சொல்கிறேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியில் அடிபடுவது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது மாடியில்லாத வீட்டின் கூரை உயரம். 40 என்றால் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 60 என்றால் பதினான்கு மீட்டர், அதாவது வளர்ந்த பனையின் உச்சியிலிருந்து விழுவது போல. கூரையிலிருந்து விழுந்தவர் எழுந்து நடந்ததைப் பார்த்திருக்கிறோம். பனையிலிருந்து விழுந்தவர் வீட்டில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

இன்னொன்று, குறுக்கே ஒரு குழந்தை ஓடுவதைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடியாவது ஆகும். அந்த ஒரு நொடியில் 60-ல் வரும் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும், 30-ல் வருவது 8 மீட்டர் சொச்சம்தான் ஓடும். நாம் கேட்பது அந்த 8 மீட்டரைத்தான். மக்கள் நடமாடும் தெருக்களில் 30-க்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

சரி, எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் இருக்கணும்?

இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) என்ற அமைப்பு வெளியிடும் விதிமுறைகளைத்தான் நாடு முழுக்கப் பொறியாளர்கள் பின்பற்ற வேண்டும். வேகத்தடைக்கு உரியது ஐ.ஆர்.சி. 99. முதலில் 1988-இல் வந்தது, 2018-இல் திருத்தி எழுதினார்கள். 1988-இல் சொன்ன அளவு இது: உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி ஏறி இறங்கும் அகலம் 3.7 மீட்டர், மேலே வில் போன்ற வளைவு. இப்படிப்பட்ட தடையை 25 கிலோமீட்டர் வேகத்தில் சிரமமில்லாமல் கடக்கலாம். 3.7 மீட்டர் என்பது பன்னிரண்டு அடி. 1970-களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் கண்ட வடிவம் அது.

பன்னிரண்டு அடி என்றதும் எல்லோரும் திகைக்கிறார்கள். நம் கண்ணில் படுகிற தடைகள் ஒரு முழம், ஒன்றரை முழம் அகலத்தில் இருப்பதால்தான் அந்தத் திகைப்பு. அவை விதிப்படி போட்டவை அல்ல.

உயரமா, செங்குத்தா போட்டாத்தானே பயந்து மெதுவா போவான்? பரந்து கிடந்தா பறந்துட்டுப் போயிருவானே?

எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி வருகிறது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன்.

குட்டையான, செங்குத்தான மேட்டில் நடப்பது நேர்மாறானது. அதன் மேல் வேகமாகப் போனால் மேடு சக்கரத்தை மட்டும் ஒரு கணம் தட்டிவிட்டுப் போய்விடும். அந்தத் தட்டை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. மெதுவாகப் போகிறவருக்குத்தான் வண்டி முழுதும் ஏறி இறங்கும். ஆக, பெரிய காரில் வேகமாக வருகிறவர் தப்பிவிடுவார், ஒழுங்காக வருகிறவர் அவதிப்படுவார். பன்னிரண்டு அடி மேடு அப்படி இல்லை. வண்டியின் உடம்பையே தூக்கி இறக்கும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். இன்னும் கொஞ்சம் வேகமாகக் கடக்க வழி விட வேண்டிய சாலை என்றால் வண்டி ஏறி இறங்கும் அகலத்தை இன்னும் கூட்டுவார்கள். எந்தச் சாலையிலும் உயரத்தைக் கூட்டுவது தீர்வாகாது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனை வேன் இடித்துக் கால் முறிந்தது. அன்று ராத்திரியே ஊர் கூடிச் சிமெண்டும் ஜல்லியும் கலந்து ஒரு தடை போட்டோம். ஒரு முழ அகலம், முக்கால் அடி உயரம். பெயிண்ட் இல்லை, பலகை இல்லை, பக்கத்தில் தெருவிளக்கும் இல்லை. பதினோராவது நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்பிய எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் மொபட்டோடு அதில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு உடைந்தது, ஒரு மீன் சீசன் முழுக்கத் தொழிலுக்குப் போகவில்லை. அந்தத் தடைக்கு ஜல்லி சுமந்தவர்களில் அவரும் ஒருவர், நானும் ஒருவன். அதன் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பழைய போட்டுக் கயிறு நிறையக் கிடக்கு. குறுக்க போட்டு ஆணி அடிச்சிரலாமா?

வேண்டாம். மேலே சொன்ன குறை எல்லாம் கயிற்றுக்கும் பொருந்தும். கூடுதலாக, நாள்பட்டால் ஆணி கிளம்பி நிற்கும், கயிறு நைந்து பிரிந்து சக்கரத்தில் சுற்றும். பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் தடங்கல் வைப்பது குற்றமும்கூட. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் இதற்கு ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. யாராவது விழுந்து உயிர் போய்விட்டால் வழக்கு அபராதத்தோடு நிற்காது.

இந்த ரோடு யாருது? பஞ்சாயத்துல கேட்டா ஹைவேஸ்ங்கறாங்க, அங்க போனா பஞ்சாயத்துங்கறாங்க.

கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. கல்லே இல்லாத ஊருக்குள் தெரு பெரும்பாலும் ஊராட்சியுடையது அல்லது ஊராட்சி ஒன்றியத்துடையது. நடுவில் மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை என்று இரண்டு வகை உண்டு. இரண்டையும் மாநில நெடுஞ்சாலைத் துறைதான் பார்க்கிறது.

கல்லை வைத்தும் தெளிவாகவில்லை என்றால் ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரே வரி எழுதிப் போடுங்கள்: "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை உள்ள சாலையைப் பராமரிப்பது எந்த அலுவலகம்?" எழுத்தில் பதில் வந்துவிட்டால் அலைச்சல் பாதி குறையும்.

நாங்க உச்சிப்புளிப் பக்கம், ராமேஸ்வரம் மெயின் ரோடு. எங்களுக்கு வேகத்தடை போட மாட்டோம்ங்கறாங்க. எங்க உயிரு உயிரில்லையா?

மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியாக ராமேஸ்வரம் போகும் அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 87. தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளை எடுத்துவிட வேண்டும் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் சுற்றறிக்கையே அனுப்பியது. வேகமாக ஓடும் என்று எதிர்பார்க்கிற சாலையில் திடீரென்று மேடு வந்தால், அதைப் பார்க்காமல் வருகிற லாரியும் பின்னால் வருகிற வண்டியும் சேர்ந்து பெரிய விபத்தாகும் என்பதுதான் காரணம். அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

அங்கே வேறு விதமாகக் கேட்க வேண்டும். ஊர் தொடங்கும் இடத்தில் ரம்பிள் ஸ்ட்ரிப், வேக வரம்புப் பலகை, மஞ்சளாக மினுக்கும் சோலார் விளக்கு, ஊர்ப் பெயர்ப் பலகை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து வரட்டும். "இதோ ஊருக்குள் நுழைகிறாய்" என்று ஓட்டுநருக்கு ஒரு வாசல் மாதிரி தெரிய வேண்டும். சாலை அகலமாக இருக்கும் இடத்தில், பாதி கடந்து நின்று மூச்சுவிட நடுவில் ஒரு திட்டு கேளுங்கள். கடக்கும் இடத்துக்கு நல்ல வெளிச்சம் கேளுங்கள்.

அப்புறம், யாரும் தடுக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்த் தெரு நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடத்துக்குச் சுமார் 10 மீட்டர் முன்னால், தெருவின் பக்கம், ஒரு வேகத்தடை. விதிமுறையே அதைச் சொல்கிறது. கிளைத் தெருவிலிருந்து திரும்பிப் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறுகிற நம் பைக்குகளுக்கு அது பெரிய காப்பு.

கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதே கதைதானா?

அந்தச் சாலை முழுவதும் ஒரே அலுவலகத்தின் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் ஊர்ப் பகுதியில் கல் என்ன நிறம் என்று பார்த்துவிட்டு, முந்தைய இரண்டு பதில்களில் எது பொருந்துமோ அதைப் பின்பற்றுங்கள்.

ஒரு தடை போதுமா?

போதாது. தடையைத் தாண்டிய அடுத்த நொடியே ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். எதிர்பார்த்த இடத்தில் மெதுவாகப் போய், விட்ட நேரத்தைப் பிடிக்க ஊரின் நடுவில் இன்னும் வேகமாகப் போவார்கள். வேகம் ஊர் முழுக்க அடங்கியிருக்க வேண்டும் என்றால் 100 முதல் 120 மீட்டருக்கு ஒன்று என்று தொடர்ச்சியாக வர வேண்டும். இது ஊராட்சிச் சாலைக்கும் சிறு சாலைக்கும்தான். ஒன்றுதான் தருவோம் என்றால், சாலையைக் கடப்பவர்கள் அதிகம் உள்ள இடத்துக்கு வாங்குங்கள்.

ஸ்கூல் கேட்டுக்கு நேரா போட்டுறலாமா?

கேட்டுக்கு நேராக வேண்டாம், பிள்ளைகள் கடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் வேண்டும். வண்டி அங்கே வரும்போதே மெதுவாகியிருக்க வேண்டும். மேட்டில் ஏறும் கணத்தில் ஓட்டுநரின் கண் மேட்டில்தான் இருக்கும், பிள்ளையின் மேல் இருக்காது. வளைவிலும் பாலத்தின் மேலும் போடக் கூடாது. 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும்: சிவப்பு ஓரம் வைத்த முக்கோணம், நடுவில் மேட்டின் படம்.

பஸ் நிறுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் அடிபடுவது பெரும்பாலும் நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் ஓடிக் கடக்கும்போது. பஸ் மறைப்பதால் பின்னால் முந்தி வருகிற வண்டிக்குப் பிள்ளை தெரியாது. பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கு அப்பால் பஸ் நிறுத்தத்தைத் தள்ளிவிட்டால், பஸ்ஸின் பின்பக்கமாகக் கடக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

தண்ணி வண்டி தள்ளுறோம்ணே. எட்டுக் குடம் வச்சுத் தள்ளிட்டு வந்தா அந்த மேட்டுல ஏறவே மாட்டேங்குது. பாதித் தண்ணி கொட்டிருது.

பக்கத்து ஊர் அக்கா ஒருவர் கேட்டது. எந்த அலுவலகத்திலும் யாரும் யோசிக்காத கேள்வி. நம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் தள்ளுவண்டியில்தான் வீட்டுக்கு வருகிறது, தள்ளுவது பெண்கள். ஒரு முழ மேடு அவர்களுக்குச் சுவர். விதிப்படி போட்ட பன்னிரண்டு அடி மேட்டில் ஏற்றம் மெதுவாக இருப்பதால் ஒரு ஆள் தள்ளி ஏற்றலாம், குடமும் சரியாது.

சாலையின் குறுக்கே வண்டி தள்ளிக் கடக்கிற இடம் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. மேலே தட்டையாக, மேடை போன்ற தடை. இரண்டு பக்கமும் கார்களுக்குச் சரிவு இருக்கும். நடக்கிறவர்களும் தள்ளுவண்டியும் மேடையின் மேலேயே சமதளமாகக் கடந்து போகலாம், மேடேறுவது கார்கள்தான். 2018 விதிமுறையில் உயர்த்தப்பட்ட கடவை என்று இதற்கு இடம் இருக்கிறது. குழாயடிக்கு நேராக இதைக் கேளுங்கள். மனுவில் தள்ளுவண்டியைப் பற்றி ஒரு பத்தி எழுதி, முடிந்தால் படமும் இணையுங்கள்.

108 வண்டி வரும்போது, மாசமா இருக்கற பொண்ணை ஏத்திக்கிட்டுப் போகும்போது?

உண்மையான கவலை. ஒவ்வொரு தடையிலும் ஆம்புலன்ஸ் சில நொடிகள் இழக்கும், உள்ளே படுத்திருப்பவருக்கு வலி. ஆகவேதான் மருத்துவமனைக்குப் போகும் ஒரே பெரிய சாலையில் தடைகளை அடுக்காமல், ஊர்த் தெருக்களில் போட வேண்டும். ஆகவேதான் வடிவமும் முக்கியம். வளைந்த மேட்டில் மெதுவாகப் போனால் தாங்கும், முழ மேட்டில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் தூக்கிப் போடும். முதுகு வலிக்காரர்களுக்கும் இதே பதில்தான்.

மீன் ஏத்துற மினி லாரிக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. ஐஸ் பெட்டி குலுங்குதாம்.

அவர்களும் நம் ஆட்கள்தான், கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த நேரத்தில் வருகிறார்கள், எங்கே திரும்புகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கனரக வண்டிகளுக்காக மேட்டின் இரண்டு ஓரத்திலும் 1.5 மீட்டர் சரிவு கூட்டிக்கொள்ளலாம் என்று 1988 விதிமுறையே சொல்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் ஊரில் பாதி எதிர்ப்பு அடங்கிவிட்டது.

பெயிண்ட் அடிச்ச ரெண்டு மாசத்துல காணாமப் போயிருது. என்ன பண்ண?

கடற்காற்றுதான் காரணம். உப்பு இரும்புப் பலகையைத் தின்கிறது, மணல் கோட்டைத் தேய்க்கிறது, சில இடங்களில் மணல் படிந்து மேடே தெரியாமல் மூடிவிடுகிறது. சாதாரண பெயிண்ட் இங்கே நிற்காது. உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் கோடும், இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் சாலை ரிஃப்ளெக்டரும் கேட்டு வாங்குங்கள். பலகைக்கு அலுமினியத் தகடு கேளுங்கள். மணல் கூட்டுவது ஊர் வேலை. எங்கள் ஊரில் தூய்மைப் பணியாளர்களிடம் சொல்லி வாரம் ஒரு முறை கூட்டுகிறோம்.

கோடு போய், பலகை விழுந்து, மேடு மட்டும் மிஞ்சியிருக்கும் தடை எங்கள் ஊரில் அண்ணனைத் தள்ளிய அதே தடைதான். பராமரிக்க ஆள் இல்லை என்றால் போடாமல் இருப்பது மேல்.

ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி மேட்டுல தடுத்து வீட்டுக்குள்ள வந்துருது.

நமக்கு மழையே அந்த இரண்டு மூன்று மாதம்தான், அதுவும் கொட்டித் தீர்க்கும். மேடு ஓரம் வரை போகும்போது அடியில் குழாய் பதிக்கலாம், அல்லது வாய்க்காலைத் திறந்து வைக்கலாம். ஓரத்தில் அகலமாக இடைவெளி விட்டால் பைக்குகள் அதில் நுழைந்து, நடந்து போகிறவர்கள் மேல் ஏறும். அதனால் தண்ணீருக்கு வழி வேண்டும், டயருக்கு வழி வேண்டாம்.

ராத்திரி லாரி ஏறி இறங்கினா கட்டிலே ஆடுது.

வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டது தவறு. ரம்பிள் ஸ்ட்ரிப்பும் இப்படித்தான், தடதட சத்தம் ராத்திரியில் வெகுதூரம் கேட்கும். இரண்டையும் வீடு தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். இடத்தைக் குறிக்க அதிகாரி வரும் நாளில் அந்த இடத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் கட்டாயம் உடன் இருங்கள்.

போலீஸ் பேரிகார்டு வச்சா போதாதா?

அவசரத்துக்குச் சரி. ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை, தேவிபட்டினம், ராமேஸ்வரம் பக்கம் வேன் வேனாக வரும்போதும், ஏர்வாடி சந்தனக்கூட்டின்போதும் அதுதான் சரியான வழி, வைத்துவிட்டு எடுத்துவிடலாம். வெளியூர் ஓட்டுநர்கள் விடிய விடிய ஓட்டி வந்த களைப்பில் இருப்பார்கள் என்பதால் ஊர் இளைஞர்கள் ஒளிரும் சட்டை போட்டு நின்றால் இன்னும் நல்லது. ஆனால் நிரந்தரமாக வைத்தால், ராத்திரியில் வெளிச்சமில்லாத பேரிகார்டு இன்னொரு ஆபத்து.

ஆடு மாடு ராத்திரி ரோட்டுலயே படுத்துக் கிடக்கே, அதுக்கு?

வேகத்தடையால் தீராது. பகலில் சூடான தார் ராத்திரியில் கதகதப்பாக இருப்பதால் படுக்கின்றன. மழைக் காலத்தில் ஈரமில்லாத தரையும் அதுதான். பட்டியில் அடைப்பதுதான் வழி. அதுவரை கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டுங்கள்.

மனுவுல என்ன எழுதணும்? யாருக்குக் கொடுக்கணும்?

"வண்டிகள் மிக வேகமாகச் செல்கின்றன" என்று எழுதினால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அளந்து எழுதுங்கள். சாலையோரம் 50 மீட்டருக்கு டேப் பிடித்து இரண்டு கல் நடுங்கள். ஒரு வண்டி முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்கு வர எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். 6 நொடி என்றால் 30 கிலோமீட்டர் வேகம், நாலரை நொடி என்றால் 40, 3 நொடி என்றால் 60, 2 நொடி என்றால் 90. பள்ளி விடும் நேரத்தில் நூறு வண்டிகளை இப்படிக் குறித்து அட்டவணை போடுங்கள். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்தார்கள். அந்த ஒரு பக்கத் தாளைத்தான் அதிகாரி முதலில் படித்தார்.

கூடவே கிலோமீட்டர் கல் எண், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள், இதுவரை நடந்த விபத்துகளின் தேதி, சாலையின் இரண்டு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று கையால் வரைந்த படம். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலை இணையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை உண்டு. மனுவைச் சாலை யாருடையதோ அந்த அலுவலகத்துக்குக் கொடுங்கள், ஒரு நகல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதிவு செய்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

"இங்க இன்னும் யாரும் சாகலையே"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் மனதில் இருப்பது கரும்புள்ளிக் கணக்கு. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து, அல்லது பத்து மரணங்கள் இருந்தால் அது கரும்புள்ளி. தேசிய நெடுஞ்சாலையில் எந்த இடத்தை முதலில் சரிசெய்வது என்று வரிசைப்படுத்த வைத்த கணக்கு அது. ஊர்ச் சாலையில் வேகத்தடை போட அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. பள்ளி இருப்பதும், ஆட்கள் கடப்பதும், வேகம் அதிகம் என்று அளந்து காட்டுவதும் போதுமான காரணங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவின்படி, மக்கள் பாதுகாப்பு கருதி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் தனி வேக வரம்பு வைக்கவும் முடியும். மேடு போட முடியாது என்றால் அதையாவது கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நெசத்தச் சொல்லுங்க, வேகமா போறது எங்கூருப் பயலுகதான். வெளியூர் வண்டி கொஞ்சந்தான்.

உங்கள் நேர்மைக்கு நன்றி. எங்கள் அட்டவணையிலும் 60-க்கு மேல் போன பைக்குகளில் பாதி எங்கள் ஊருடையவை. அந்தத் தாளைக் கோயில் வாசலில் ஒட்டினோம், பெயர் இல்லாமல். எந்த நேரத்தில் எத்தனை பைக் என்று மட்டும் இருந்தது. யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பிள்ளைகள் அளக்கிற வேலைக்கே வந்து சேர்ந்தார்கள்.

எங்க ஊர்ல ஏற்கெனவே அந்த ஒரு முழ மேடு இருக்கு. நாங்களே இடிச்சிரலாமா?

நீங்கள் போட்டதாகவே இருந்தாலும் கடப்பாரை எடுக்காதீர்கள். பாதி இடித்த மேடு முழு மேட்டைவிட மோசம், சாலையைச் சேதப்படுத்திய வழக்கும் வரலாம். மேலே சொன்ன மாதிரியே மனு எழுதி, உயரம், அகலம் அளந்து, ஐ.ஆர்.சி. 99-ஐக் குறிப்பிட்டு, "இதை அகற்றி விதிப்படி போட்டுத் தரவும்" என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவையும் எழுதுங்கள். சாலையை விதிப்படி வைக்கத் தவறி அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது.

அவர்கள் வரும் வரை, இன்று சாயங்காலமே மேட்டின் மேல் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். இருபுறமும் நாற்பது தப்படி தள்ளி, பழைய சிடியோ ஒளிரும் ஸ்டிக்கரோ ஒட்டிய கம்பு ஒன்றைச் சாலைக்கு வெளியே நட்டு வையுங்கள். விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவர்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார்கள்.